பிரேக் விளக்கு எரியும் வண்டியை நிறுத்திவைத்த வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரைச் சாலைகளில் போக்குவரத்து அபராதம் விதிக்கும் அதிகாரிகளுக்கும், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்

ஐயா, அம்மையீர்,

அபராத நிலுவை உள்ள எந்த வண்டியும் அந்தத் தொகையைக் கட்டி ரசீது காட்டினால்தான் மேலே போக முடியும் என்று, சென்ற வாரம் மண்டபத்துக்கு அருகே வாகனச் சோதனையில் நின்றிருந்த அலுவலர்கள் அறிவித்தார்கள். எந்தச் சட்டப் பிரிவின்படி, யார் போட்ட ஆணையின்படி என்று கேட்டவர்களுக்கு எழுத்தில் எதுவும் காட்டப்படவில்லை. என் சரக்கு வண்டியின் மேல் ஒரு சலான் நிலுவையில் இருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை, வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள் என்று சலான் வழங்கிய நிலையத்துக்கு எழுதி, அஞ்சல் ஒப்புகையும் பெற்று வைத்திருக்கிறேன். அந்த நகலைக் காட்டியபோது எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: "கோர்ட்டுக்குப் போறது உங்க இஷ்டம்ண்ணே. இப்ப காசைக் கட்டிட்டு வண்டிய எடுங்க." காசைக் கட்டிவிட்டால் நீதிமன்றத்துக்குப் போக வழக்கே மிஞ்சாது என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்ட எனக்கும் தெரியும்.

வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டிகளில் நண்டு இருந்தது. பாம்பனில் நாட்டுப்படகுக்காரர்கள் விடியற்காலையில் வலையிலிருந்து கழற்றிக் கொடுத்த நண்டு அது. வெயில் ஏறுவதற்குள் மண்டபத்துக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பெட்டிகளின் அடித்துளை வழியே ஐஸ் தண்ணீர் சாலையில் சொட்டிக்கொண்டிருக்க, பேச்சு நீண்டது. கடைசியில் ஓர் உயரலுவலர் வந்து, அடுத்த முறை பிடிபட்டால் வண்டி நிலையத்துக்குப் போகும் என்று எச்சரித்து அனுப்பிவைத்தார். கம்பெனியில் தரம் பிரிக்கும் பெண்கள் ஒவ்வொரு நண்டின் ஓட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஒரு பெட்டி அளவுக்குத் தனியே ஒதுக்கினார்கள். ஒதுக்கியதற்குப் பாதி விலைதான். எனக்கு அடுத்ததாக நின்றிருந்தவர் எக்ஸ்எல் வண்டியில் கூடை கட்டி ஊர் ஊராக மீன் விற்பவர். மீன் கெட்டுப்போகும் என்ற பயத்தில் யாருக்கோ போன் செய்து, கூகுள் பே வழியாகக் கடன் வாங்கி, தன் பெயரில் காட்டிய எல்லா நிலுவையையும் அங்கேயே கட்டினார். அவற்றில் எது அவர் செய்த தவறு, எது செய்யாதது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பார்க்க அவருக்கும் நேரமில்லை.

இதைத்தான் என்னால் பொறுத்துக்கொண்டு போக முடியவில்லை. ஒரு குற்றச்சாட்டை மறுப்பதற்குச் சட்டம் தந்திருக்கும் உரிமையை, கெட்டுப்போகக்கூடிய சரக்கோடு வருகிறவரிடமிருந்து சாலையோரத்தில் வைத்துப் பறித்துவிட முடிகிறது. என் சலான் ₹500க்கானது. அந்தத் தொகைக்காக இவ்வளவு நீளமாக எழுதவேண்டுமா என்று நினைப்பீர்கள். நானும் பல நாள் அப்படித்தான் நினைத்தேன். நினைப்பு எப்படி மாறியது என்பதைச் சொன்னால்தான் என் கோரிக்கைகளுக்கு அர்த்தம் இருக்கும்.

கடந்த ஆடி அமாவாசையன்று, பாம்பன் சாலைப் பாலத்தின் மேல், போக்குவரத்துக்கு இடையூறாக வண்டியை நிறுத்திவைத்தேன் என்பது என் மேல் உள்ள குற்றச்சாட்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவும் 177ஆம் பிரிவும் சலானில் குறிக்கப்பட்டிருக்கின்றன. பாலத்தை அறிந்தவர்களுக்கு அன்றைய நிலையை விளக்க வேண்டியதில்லை. 1988இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ 2.3 கி.மீ. நீளம், போக ஒரு தடம், வர ஒரு தடம், இராமேஸ்வரம் தீவிலிருந்து மண்டபம் கரைக்கு வர வேறு சாலை கிடையாது. அமாவாசை நாட்களில் அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் முடித்துத் திரும்பும் வண்டிகள் அத்தனையும் அதன் மேல்தான் வரவேண்டும். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய ரயில் தூக்குப்பாலம் திறக்கப்பட்டதிலிருந்து, வழக்கமாகக் கடலைப் பார்க்க நிற்பவர்களோடு அதைப் பார்க்க நிற்பவர்களும் சேர்ந்துவிட்டார்கள். நிறுத்தாதீர்கள் என்று எழுதிய பலகைக்குக் கீழேயே காரை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, குடும்பத்தோடு கைப்பிடிச் சுவர் ஓரம் படம் எடுப்பார்கள். ஒரு கார் நின்றால் பின்னால் உள்ள வண்டிகள் எல்லாம் நிற்கும். எதிர்த் தடத்திலும் வண்டிகள் வந்துகொண்டிருந்தால் விலகிப் போக இடமே இருக்காது.

அப்படி நின்ற வரிசையில் நானும் இருந்தேன். எனக்குப் பின்னால் வந்த யாரோ ஒருவர் படம் எடுத்திருக்கிறார். எடுத்தவர் என் பக்கத்தில் வரவில்லை, ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை. எடுத்த விவரமே எனக்குத் தெரியாது.

சலானில் உள்ள அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது ஒருவர் அதை ஒரு நிமிடம் கூர்ந்து பார்த்திருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது. வண்டியின் பின்புறம் தெரிகிறது, எண் பலகை தெரிகிறது, நீல நிற ஐஸ் பெட்டிகள் இரண்டு அடுக்காகத் தெரிகின்றன. பின்புறத்து இரண்டு பிரேக் விளக்குகளும் சிவப்பாக எரிகின்றன. பாலம் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிவது. நான் நின்றது ஏற்றத்தில். காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளும் என்பதால் பிரேக்கை மிதித்தபடியே இருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கப் போனவன் பிரேக்கில் கால் வைத்திருக்க மாட்டான். வலப்பக்கச் சன்னலில் என் முழங்கை தெரிகிறது. படத்தின் இடது ஓரத்தில், எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக் காரின் பின்சக்கரம் பாதி தெரிகிறது, மீதி வெட்டுப்பட்டிருக்கிறது. அந்தக் கார் ஏன் நின்றது, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பவை படத்தில் இல்லை. ஓடிக்கொண்டிருந்து நின்ற வண்டிக்கும், ஓட்டுநர் விருப்பப்பட்டு நிறுத்திய வண்டிக்கும் அசையாப் படத்தில் வித்தியாசம் தெரியாது. தெரியக்கூடிய ஒரே அடையாளமான பிரேக் விளக்கு எனக்குச் சாட்சியாக எரிகிறது.

122ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதையும் படித்துப் பார்த்தேன். வாகனத்தின் பொறுப்பில் இருப்பவர், ஆபத்தோ இடையூறோ உண்டாகும் வகையில் அதைப் பொது இடத்தில் விட்டுவைக்கவோ நிற்கவிடவோ கூடாது என்பது அதன் சாரம். நிற்கவிடுவது என்றால் நகர்த்த முடிந்தும் நகர்த்தாமல் விடுவது என்றே எனக்குப் புரிகிறது. முன்னால் கார், பின்னால் பேருந்து, வலப்பக்கம் எதிர்வரிசை, இடப்பக்கம் நடைபாதையும் அதற்கப்பால் கடலும் இருக்கும்போது என் வண்டியை நான் எங்கே நகர்த்தியிருக்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

இந்தச் சலான் என் கைக்கு வந்ததும் ஒரு கதை. வண்டிக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டும் காலம் நெருங்குகிறதே என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யப் போனபோது, நிலுவை அபராதம் இருப்பதால் விண்ணப்பம் நகராது என்றார்கள். அப்போதுதான் எனக்கே தெரியும். ஆடியில் எடுத்த படம் கார்த்திகையில் என் கண்ணில் பட்டது. குறுஞ்செய்தி அனுப்பியதாகப் பதிவு இருக்கிறது. அது போனது, வண்டி வாங்கியபோது விற்பனை நிலையத்தில் தாங்களாகப் பதிந்துவிட்ட அவர்கள் முகவரின் எண்ணுக்கு. இந்தக் கரையில் சரக்கு வண்டி வைத்திருக்கும் பலருக்கு இதே நிலைதான், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்தால் யாருடையது என்றே தெரியாது. ஆனால் அதே புத்தகத்தில் என் வீட்டு முகவரி சரியாக இருக்கிறது. ஓர் அஞ்சல் போட்டிருந்தால் பாம்பனில் என்னைக் கண்டுபிடிக்க அஞ்சல்காரருக்கு அரை நாள்கூட ஆகியிருக்காது.

இது வெறும் தாமதக் குறை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167-ஏ விதி, மின்னணுக் கண்காணிப்பின் மூலம் கண்டறியப்படும் குற்றத்துக்கான அறிவிப்பை 15 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்கிறது. அந்த விதி பட்டியலிடும் குற்றங்களில் 122ஆம் பிரிவின்படியான நிறுத்தமும் இருக்கிறது. 15 நாள் என்று ஏன் வைத்தார்கள் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். பாலத்தின் பாம்பன் முனையில் உள்ள ஒரு கடைக்காரர் தன் வாசலில் கேமரா வைத்திருக்கிறார். அன்று வரிசை அவர் கடைவரை நீண்டு நின்றது அதில் பதிவாகியிருக்கும். நான் போய்க் கேட்டபோது, பழைய பதிவுகள் சில வாரங்களிலேயே தானாக அழிந்துவிடும் என்றார். எனக்குப் பின்னால் நின்ற அரசுப் பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் யார் என்று கண்டுபிடிக்கவும் முடியவில்லை. அறிவிப்பு காலத்தில் வந்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும். குற்றம் சாட்டியவரின் சான்று கணினியில் பத்திரமாக இருக்க, குற்றம் சாட்டப்பட்டவரின் சான்று மட்டும் அழிந்துபோகும்படி விட்டுவிட்டு, இப்போது முடிந்தால் மறுத்துப் பார் என்பது நியாயமாகுமா?

அதே விதி இன்னும் சிலவற்றையும் கேட்கிறது. கண்காணிக்கும் கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்னால் அதை அறிவிக்கும் பலகை இருக்க வேண்டும், சலானோடு தெளிவான படமும் நேரமும் இடமும் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் இருக்க வேண்டும். சான்றிதழ் என்று விதி சொல்வது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவுக்குரியது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அது 63ஆம் பிரிவு. அந்தச் சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என் சலானில் படம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. எந்தக் கருவியால் எடுக்கப்பட்டது என்பது இல்லை, சான்றிதழும் இல்லை. அரசு ஒப்புதல் பெற்ற கேமராவா, அலுவலர் ஒருவரின் சட்டைப்பையில் இருந்த சொந்தக் கைப்பேசியா என்று எனக்குத் தெரியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ₹10 வில்லை ஒட்டி இந்த மூன்றையும் கேட்டேன்: மூலப் படம், கருவியின் ஒப்புதல், சான்றிதழ். படம் சலானிலேயே உள்ளது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மற்ற இரண்டையும் பற்றிப் பேச்சே இல்லை.

இவ்வளவும் கையில் இருந்தும், எதிர்ப்பதா கட்டிவிடுவதா என்று முடிவெடுக்க எனக்கு வெகு நாளாயிற்று. கட்டிவிடச் சொன்னவர்கள் யாரும் முட்டாள்கள் அல்லர். நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் ஓட்டம் இல்லை, ஒரு நடைக்குக் கிடைக்கும் வாடகையே அபராதத்தைவிடக் கூடுதல். வாய்தா விழுந்தால் இன்னொரு நாளும் போகும். நான் வராத நாளில் கம்பெனி வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்ளும். அந்த வண்டிக்காரர் நன்றாக ஓட்டினால் அவரையே வைத்துக்கொள்ளும். வண்டித் தவணை எந்த வாய்தாவுக்கும் காத்திருக்காது. எங்கள் சங்கத்தில் மூத்தவர் ஒருவர், "ஐந்நூறு ரூபாய்க்கு நியாயம் வாங்கப் போனா ஐயாயிரம் செலவாகும்பா" என்றார். கணக்கில் அவர் சொன்னது சரி.

இன்னொருவர் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார், தொகையைக் குறைப்பார்கள் என்று. மக்கள் நீதிமன்றம் இரு தரப்பும் இணங்கி முடித்துக்கொள்ளும் இடம், அதன் பயனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் செய்த தவறுக்குக் குறைத்துக் கட்டுவது வேறு, செய்யவில்லை என்பது வேறு. இரண்டாவதைச் சொல்பவனுக்கு அங்கே தீர்ப்பு கிடைக்காது.

என்னை முடிவெடுக்க வைத்தவை இரண்டு. முதலாவது, கட்டினால் கதை முடிந்துவிடாது என்பது. 177ஆம் பிரிவில் முதல் முறை ₹500 வரை, அடுத்தடுத்த முறை ₹1500 வரை. நான் ஒவ்வொரு நாளும் அதே பாலத்தின் மேல் போய் வருகிறவன், ஒவ்வொரு அமாவாசைக்கும் அதே வரிசையில் நிற்கப்போகிறவன். இன்று இதை ஒப்புக்கொண்டால் நாளை அதே மாதிரிப் படம் வரும்போது நான் பழைய குற்றவாளி ஆகிவிடுவேன். இரண்டாவது, சட்டத்தின் அமைப்பிலேயே எனக்குத் தெரிந்த ஒரு சாய்வு. குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது: 200ஆம் பிரிவின்படி அங்கேயே கட்டி முடிக்கலாம், கைப்பேசியில் கட்டலாம், வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகுகூட 208ஆம் பிரிவின்படி கடிதத்தில் ஒப்புக்கொண்டு தொகையை அனுப்பிவிடலாம். மறுப்பவர்தான் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ போய் நிற்க வேண்டும். செய்தவனுக்கு வீட்டிலிருந்தே முடிகிறது. செய்யாதவன் பிழைப்பை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் கட்டிவிடுவதைக் கொண்டு, போட்ட சலான்கள் எல்லாம் சரி என்று நீங்கள் எண்ணினால் அது தவறான கணக்கு.

சாலையோரத்தில் கட்டும் தொகை தண்டனை அல்ல என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உரியது. 200ஆம் பிரிவில் நடப்பது, வழக்கை மேலே கொண்டுபோகாமல் முடித்துக்கொள்வதற்கான இணக்கம். இணக்கம் என்றால் இரு தரப்பும் ஒப்ப வேண்டும். வண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டு வாங்குவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. வண்டியைப் பிடித்துவைக்கும் அதிகாரம் 207ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஓட்டுவது, குறைந்த வயதில் ஓட்டுவது, பதிவு இல்லாத வண்டி, அனுமதிச் சீட்டு இல்லாமலோ அதன் நிபந்தனைக்கு மாறாகவோ ஓட்டுவது என்று அது காரணங்களை எண்ணிச் சொல்கிறது. எதிர்த்து எழுதிக் கொடுத்த ஒரு சலான் நிலுவையில் இருப்பது அந்தப் பிரிவின் காரணங்களில் இல்லை. வேறு அதிகாரம் உங்களிடம் இருந்தால் அதைக் காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

அபராதமே கூடாது என்று வாதாட வரவில்லை. ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரையிலான நெடுஞ்சாலையிலும், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விடிவதற்கு முன் வண்டி ஓட்டுகிறவன் நான். தலைக்கவசம் இல்லாமல் விழுந்தவர்களைத் தூக்கி என் வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். 2022 அக்டோபரில் தமிழக அரசு தொகைகளை உயர்த்தி, தலைக்கவசம் இல்லாததற்கு ₹1000 என்று ஆக்கியபோது எங்கள் சங்கத்தில் முணுமுணுத்தவர்களிடம் அது சரிதான் என்று பேசியவர்களில் நானும் ஒருவன். பாலத்தின் மேல் கார் நிறுத்துகிறவர்களுக்கும் அபராதம் போடத்தான் வேண்டும், அவர்களால்தான் ஆம்புலன்ஸ்கூட நடுப்பாலத்தில் மாட்டிக்கொள்கிறது. ஆனால் அன்று வரிசையின் தலையில் கதவைத் திறந்து வைத்து நின்ற காருக்குச் சலான் போனதா என்று எனக்குச் சந்தேகம். வரிசையின் வாலில் நின்று படம் எடுத்தால் கண்ணில் படுவது என்னைப் போன்றவர்களின் எண் பலகைதான். வெளியூர்க் காரர் சுற்றுலா முடித்துப் போய்விடுவார், நாங்கள் நாளையும் அங்கேயே இருப்போம். எளிதில் அகப்படுகிறவரிடம் வசூலிப்பதால் பாலத்தின் நெரிசல் ஒரு அடிகூடக் குறையாது.

சாலை விபத்துகள் தொடர்பாகக் கோயம்புத்தூர் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் உத்தரவிட்டது. அந்தக் குழு என்ற முறையில்தான் உங்களில் ஒரு பகுதியினரிடம் இதைக் கொண்டுவருகிறேன். எத்தனை சலான் போடப்பட்டது என்பதை மட்டும் பார்க்காமல், எத்தனை பேர் மறுத்தார்கள், மறுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. அதனால் என் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன்.

முதலில், நிலுவை கட்டாத வண்டியை விடக்கூடாது என்ற வாய்மொழி உத்தரவு. அதற்குச் சட்ட அடிப்படை இருந்தால் பிரிவு எண்ணோடு எழுத்தில் வெளியிடுங்கள். இல்லையென்றால் இன்றே திரும்பப் பெறுங்கள். குறிப்பாக, மறுப்பு எழுதிக் கொடுத்ததற்கான ஒப்புகை வைத்திருப்பவரிடம் அந்தச் சலானுக்குப் பணம் கேட்கக் கூடாது என்று சோதனையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரிவியுங்கள். மீன், நண்டு, ஐஸ் ஏற்றிய வண்டிகளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஆவணத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள். எண் இருக்கிறது, முகவரி இருக்கிறது. நாங்கள் எங்கும் ஓடிவிட மாட்டோம்.

படத்தின் அடிப்படையில் போடும் ஒவ்வொரு சலானிலும் எந்தக் கருவி, யார் எடுத்தது என்ற விவரமும் சான்றிதழும் இருக்க வேண்டும். நிறுத்தம் தொடர்பான குற்றமென்றால் ஒரே படம் போதாது; சில விநாடி நேர வீடியோவோ, சற்று இடைவெளி விட்டு எடுத்த இரண்டாவது படமோ, முன்னால் உள்ள வண்டிகளும் தெரியும்படி இருக்க வேண்டும். அறிவிப்பைக் குறுஞ்செய்தியோடு நிறுத்தாமல் ஆர்.சி. முகவரிக்கு அஞ்சலிலும் 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். ஆர்.சி.யில் உள்ள கைப்பேசி எண்களைச் சரிசெய்ய, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை, மூக்கையூர் இறங்குதளங்களில் முகாம் நடத்தலாம். அந்த இரண்டு மாதமும் வண்டிக்காரர்கள் பலர் ஓட்டமில்லாமல் சும்மாதான் இருக்கிறோம்.

சலான் மறுக்கப்பட்டால் அதைக் கணினியில் வழக்கு நிலுவை என்று குறித்து, தீர்ப்பு வரும்வரை எஃப்.சி., பெயர் மாற்றம் போன்றவற்றுக்குத் தடையாக இல்லாதபடி செய்ய அரசுக்குப் பரிந்துரை அனுப்புங்கள். இப்போதுள்ளபடி, வழக்கை எதிர்த்தால் எஃப்.சி. கிடைக்காது, எஃப்.சி. இல்லாமல் ஓட்டினால் அது இன்னொரு குற்றம். எனக்கு எஃப்.சி. முடிய இன்னும் சில வாரங்களே இருக்கின்றன என்பதால் இதை அவசரமாகக் கேட்கிறேன்.

மறுக்கப்பட்ட சலான்களைக் கிடப்பில் போடாமல் நீதித்துறை நடுவர் மன்றத்துக்கு உடனுக்குடன் அனுப்புங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 530ஆம் பிரிவு விசாரணைகளை மின்னணு முறையில் நடத்த இடம் தருகிறது. சிறு போக்குவரத்து வழக்குகளில் காணொலி வழியாக வாதிட வசதி செய்து தரவும், நேரில் வரவேண்டியவர்களுக்கு மீன் ஏலம் முடிந்த பிற்பகலில் நேரம் ஒதுக்கவும், குழுவின் சார்பில் நீதித்துறையிடமும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் வேண்டுகோள் வையுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞர் உண்டு என்ற ஒரு வரியைச் சலானின் அடியிலேயே அச்சிடுங்கள். தலையில் கருவாட்டுக் கூடையோடு வந்து இப்போது ஸ்கூட்டருக்கு மாறியிருக்கும் எங்கள் ஊர்ப் பெண்களில் ஒருவருக்குக்கூட இது தெரியாது.

பாலத்தின் மேல், அமாவாசை நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் இரு முனையிலும் நடுவிலும் ஆட்களை நிறுத்தி, முதலில் நிற்கும் காரை நகர்த்தச் செய்யுங்கள். நகராத காருக்கு அபராதம் போடுங்கள்.

என் சலானைப் பொறுத்தவரை, அந்தப் படத்தை மறுபடி பார்த்துவிட்டு அதை ரத்துசெய்யுங்கள். ரத்துசெய்ய மனமில்லையென்றால், மூலப் படம், கருவியின் ஒப்புதல், 63ஆம் பிரிவுச் சான்றிதழ் ஆகியவற்றோடு இந்த மாதத்துக்குள் நீதிமன்றத்தில் தாக்கல்செய்து, எனக்கு அழைப்பாணை அனுப்புங்கள். முகவரி ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே.

இப்படிக்கு,
நண்டு ஏற்றும் சரக்கு வண்டியின் உரிமையாளரும் ஓட்டுநரும்,
பாம்பன்